கப்பல்ல எந்த ரூம் எடுக்கறது? - ஒரு வாந்தி ஆராய்ச்சி

கப்பல்ல சுற்றுலா போயிட்டு வந்த யாரையாவது பிடிச்சு "எந்த ரூம் எடுக்கலாம்?"னு கேட்டுப் பாருங்க. வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி ஒரே பதில்தான் வரும்: "நடுவுல எடு, கீழ்த்தளத்துல எடு. ஆட்டம் கம்மியா இருக்கும்." தப்பே இல்லாத பதில். ஆனா புக் பண்ண உக்காந்தா திரையில வர்ற கேள்வியே வேற. கீழ்த்தளத்துல காலியா இருக்கற ரூம் கப்பலோட மூக்குல இருக்கும். நடுவுல காலியா இருக்கற ரூம் நாலு மாடி மேல இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி மேல இருக்கும். நடுவும் கீழுமா சேர்ந்து இருக்கற ரூமையெல்லாம் எவனோ ஒரு புண்ணியவான் ஒரு வருஷம் முன்னாடியே அமுக்கியிருப்பான்.

ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா எதைப் பிடிக்கறது, எதை விடறது? அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் குமட்டல் வரும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க கை கழுவிட்டு வாங்க :-)

சாதாரணமா ரூம் எடுக்கறதுக்கெல்லாம் எக்ஸெல் ஷீட் போடற ஆள் இல்லை நான். ஆபீஸ்ல புடுங்கற ஆணியே போதும். ஆனா இது அம்மா சம்பந்தப்பட்ட விஷயம்.

அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லருந்து சியாட்டில் வந்திருந்தாங்க. அப்பாவுக்கு ரொம்ப நாளா ஒரே ஆசை. பனிப்பாறை உடைஞ்சு கடல்ல விழறதை டிவியில பாத்துட்டு, அதை ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கார். சியாட்டில் துறைமுகத்துலருந்து அலாஸ்காவுக்கு 7 நாள் கப்பல் போகுதுன்னு நான் வாய் தவறிச் சொல்ல, மனுஷன் அன்னிக்கே ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல காயப்போட்டுட்டார். அம்மா மட்டும் "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்"னாங்க. அப்பா உடனே ஸ்வெட்டரை மடிச்சு வச்சுட்டார். "அவ வரலைன்னா நானும் வரலை."

அம்மாவுக்கு வண்டி ஒத்துக்காது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில முதல் கொண்டை ஊசி வளைவு வர்றதுக்குள்ள முகம் வெளுத்துடும். கையில எலுமிச்சம்பழம், மடியில பிளாஸ்டிக் பை, ஜன்னலோர சீட். எங்க வீட்டுல கொடைக்கானல் போட்டோ எதுலயும் அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க. காரணம் இதான்.

மாத்திரை போட்டா போச்சுன்னு நீங்க சொல்லலாம். ஊர்ல அவோமின், இங்க டிரமமைன், மெக்லிசின்னு கடையில கிடைக்குது. காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கற ஸ்கோபாலமின் பட்டை டாக்டர் சீட்டுல கிடைக்கும். பிரச்சினை என்னன்னா அம்மாவுக்கு கிளாக்கோமா இருக்கு, அதுவும் குறுகிய கோண வகை. இந்த வகைக்கு ஸ்கோபாலமின் பட்டை கூடவே கூடாது. மத்த மாத்திரைகளோட அட்டையிலயும் 'கிளாக்கோமா இருந்தா டாக்டரைக் கேளுங்க'ன்னு போட்டிருக்கும். கேட்டோம். அம்மாவோட கண் டாக்டர் "வேண்டாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். ஆக, எங்க கையில மிச்சம் இருந்தது ரெண்டே மருந்துதான். ஒண்ணு இஞ்சி மரப்பா, இன்னொண்ணு ரூம் நம்பர்.

முதல்ல இந்த வாந்தி ஏன் வருதுன்னு பாப்போம். நம்ம உள்காதுல ஆட்டத்தை உணர்ற உறுப்பு ஒண்ணு இருக்கு. மூடின ரூமுக்குள்ள இருந்தா கண்ணு "சுவர் அசையலையே"ன்னு சொல்லும். காது "டேய், மேல போய்க் கீழ வர்றோம்டா"ன்னு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகாத இந்தக் குழப்பம்தான் காரணம்னு ரீசனும் பிராண்டும் 1975-ல எழுதின புத்தகத்துல விளக்கினாங்க. இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலும் இதைத்தான் சொல்றாங்க. உள்காதோட அந்த உறுப்பு சுத்தமா வேலை செய்யாதவங்களுக்குக் கடல் நோய் வர்றதே இல்லைங்கறது கூடுதல் சாட்சி. குமட்டலுக்கு இங்கிலீஷ்ல இருக்கற 'நாசியா'ங்கற வார்த்தையே கிரேக்க மொழியில கப்பலைக் குறிக்கற சொல்லுலருந்து வந்ததுதான். அந்தக் காலத்துலயே ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டுட்டாங்க.

ஆனா எல்லா ஆட்டமும் வயித்தைப் பிரட்டாது. 1974-ல ஓ'ஹான்லன், மெக்காலேன்னு ரெண்டு பேர் ஆளுங்களை ஒரு சின்ன அறைக்குள்ள உக்கார வச்சு, விதவிதமான வேகத்துல மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தாங்க (யாரு பெத்த புள்ளைங்களோ!). அஞ்சாறு விநாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கறதுதான் இருக்கறதுலயே மோசம்னு தெரிஞ்சுது. அதைவிட ரொம்ப வேகமா ஆட்டினாலும் சரி, ரொம்ப நிதானமா ஆட்டினாலும் சரி, அவ்வளவு மோசமில்லை. அதிர்வு பத்தின சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2631, ரெண்டு விநாடிலருந்து பத்து விநாடிக்குள்ள வர்ற ஆட்டத்தைத்தான் இந்த விஷயத்துல கணக்குல எடுத்துக்குது. 1980-கள்ல லாதரும் கிரிஃபினும் 20,000-க்கும் அதிகமான கப்பல் பயணிகள்கிட்ட விவரம் வாங்கி ஆராய்ச்சி பண்ணினாங்க. அதுலயும் செங்குத்து ஆட்டம்தான் முக்கியக் குற்றவாளின்னு வந்துச்சு.

அந்தத் தரத்துல இருக்கற சூத்திரம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. முடுக்கம் நேரடியா வருது, நேரம் வர்க்கமூலத்துக்குள்ள வருது. அதாவது முடுக்கத்தைப் பாதியாக் குறைச்சா, பயண நேரத்தைக் கால்வாசியாக் குறைச்ச பலன். நேரத்தை நாம குறைக்க முடியாது, கப்பல் போறப்பதான் போகும். முடுக்கத்தைக் குறைக்கலாம். அதுக்குத்தான் ரூம்.

சரி, மேட்டருக்கு வருவோம். கப்பல் ஆறு விதமா ஆடும். நமக்கு முக்கியமானது மூணு.

ஒண்ணு, மொத்தக் கப்பலும் மேல ஏறிக் கீழ இறங்கறது. எந்த ரூம்ல இருந்தாலும் இதுலருந்து தப்பிக்க முடியாது. பெரிய கப்பலா எடுக்கறதைத் தவிர வேற வழியில்லை.

ரெண்டு, இடவலமா சாயறது. தொட்டில் ஆட்டம்னு வச்சுக்கலாம்.

மூணு, மூக்கு ஏறும்போது வால் இறங்கறது. பார்க்ல புள்ளைங்க விளையாடற சீசா மாதிரி. ஓரத்துல உக்காந்திருக்கறவனுக்குத்தான் வானமும் பூமியும் தெரியும். நடுக்கட்டையில உக்காந்தவன் கடலை சாப்பிடலாம். நம்மூர் பஸ்ல கடைசி சீட்ல உக்காந்து போயிருக்கீங்களா? பின்சக்கரத்துக்கும் பின்னாடி தொங்கற அந்த சீட்டுக்காரனைத்தான் ஒவ்வொரு பள்ளத்துலயும் கூரை வரைக்கும் தூக்கிப் போடும். அதே கதைதான்.

இப்ப நம்ம கேள்வி. 'கீழ எடு'ங்கறது தொட்டில் ஆட்டத்துக்கான வைத்தியம். 'நடுவுல எடு'ங்கறது சீசா ஆட்டத்துக்கான வைத்தியம். எந்த நோய் பெருசு?

நாங்க பாத்த கப்பலோட நீளம் சுமார் 290 மீட்டர். அலை எதிர்க்க வந்து கப்பல் 1 டிகிரி சீசா ஆடுது, ஒரு ஆட்டத்துக்கு 8 விநாடின்னு வச்சுக்குவோம் (8 விநாடி எங்கருந்து வந்துச்சுன்னு பின்னாடி சொல்றேன்). நடுவுலருந்து 120 மீட்டர் முன்னாடி இருக்கற ரூம் 2.1 மீட்டர் மேலயும் 2.1 மீட்டர் கீழயும் போகும். உச்ச முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.29 மீட்டர். நடுவுலருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கற ரூம் 35 சென்டிமீட்டர்தான் நகரும். முடுக்கம் 0.22. ஆறுல ஒரு பங்கு.

அடுத்து தொட்டில். 2 டிகிரி சாயுது, ஒரு ஆட்டத்துக்கு 20 விநாடி. பெரிய கப்பல்கள் இப்படித்தான் நிதானமா சாயும். 4-ம் தளத்துலருந்து 8-ம் தளத்துக்குப் போனா உயரம் ஒரு 12 மீட்டர் கூடும். அதனால கூடற பக்கவாட்டு முடுக்கம் வெறும் 0.04. தரை சாயறதால நம்மளைப் பக்கவாட்டுல இழுக்கற புவியீர்ப்பு எந்தத் தளத்துல இருந்தாலும் ஒண்ணுதான், அதுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. அது போக 20 விநாடி ஆட்டம் அந்த 2-10 விநாடி வட்டத்துக்குள்ளயே வரலை. இன்னொண்ணு, இப்போ வர்ற பெரிய உல்லாசக் கப்பல்கள்ல தண்ணிக்கடியில ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும். அது தொட்டில் ஆட்டத்தை நல்லாவே அடக்கும். சீசா ஆட்டத்துக்கு அதால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. இவ்வளவு நீளக் கப்பலோட மூக்கை அமுக்கிப் பிடிக்கற அளவுக்கு அந்தச் சின்ன இறக்கைக்கு வலு கிடையாது.

அதாவது நாலு மாடி மேல போறதால வர்ற நஷ்டம் 0.04. நடுவுலருந்து மூக்குக்குப் போறதால வர்ற நஷ்டம் 1.07. இருபத்தஞ்சு மடங்குக்கும் மேல. டிகிரியும் விநாடியும் நான் வச்சுக்கிட்டதுதான், நிஜக் கடல்ல மூணு ஆட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரும். ஆனா 25 மடங்கு வித்தியாசத்தை லேசுல புரட்டிப் போட முடியாது. எக்ஸெல்ல இதைப் பாத்ததும் எனக்குத் தெளிவாயிடுச்சு. ரெண்டுல ஒண்ணுதான்னா உயரத்தை விட்டுடலாம், நடுவை விடக்கூடாது. சீசாவோட அச்சு பொதுவா சரியா நடுவுல இல்லாம கொஞ்சம் பின்னாடி தள்ளி இருக்கும். அதனால நடுவுலருந்து நாலு ரூம் தள்ளித்தான் கிடைக்குதுன்னா பின்பக்கமா தள்ளுங்க, முன்பக்கமா வேண்டாம்.

ரூமுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது பாதை. அலாஸ்காவுக்கு வான்கூவர்லருந்தும் போகலாம், சியாட்டில்லருந்தும் போகலாம். வான்கூவர் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவுல இருக்கற குறுகலான நீர்ப்பாதையில போகும். குளம் மாதிரி இருக்கும். சியாட்டில்லருந்து கிளம்பற பெரிய கப்பல்கள் பெரும்பாலும் தீவுக்கு மேற்கால, திறந்த பசிபிக்ல போகும். கடல் ஒத்துக்காதவங்களுக்கு வான்கூவர்தான் முதல் சாய்ஸ். எங்களுக்கு லீவு கிடைச்ச வாரத்துக்கு அது பட்ஜெட்டை மீறிடுச்சு. (வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் சியாட்டில்ல கிளம்பி சியாட்டில்லயே முடிக்கணும்னா நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகணும். 1886-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டம். அதனால கனடாவோட விக்டோரியாவுல ஒரு சாயங்காலம் நிக்கும். இந்திய பாஸ்போர்ட்ல வர்ற பெற்றோருக்கு கனடா விசாவும் வேணும், மறந்துடாதீங்க.)

அந்த 8 விநாடிக் கதைக்கு வர்றேன். பசிபிக்ல அந்தப் பக்கம் பெரும்பாலும் மேற்கு, வடமேற்குலருந்துதான் அலை வரும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 12 விநாடி இடைவெளின்னா, ஆழ்கடல்ல அதோட நீளம் சுமார் 225 மீட்டர், வேகம் விநாடிக்கு 18.7 மீட்டர். நம்ம கப்பல் 18 நாட் வேகத்துல, அதாவது விநாடிக்கு 9.3 மீட்டர்ல, அதுக்கு நேர் எதிரா போனா ரெண்டு வேகமும் கூடி 8 விநாடிக்கு ஒரு அலை முட்டும். அதே அலை பின்னாலருந்து வந்தா 24 விநாடிக்கு ஒண்ணு. ஒரே கடல், ஒரே அலை. போகும்போது வாந்தி வட்டத்துக்குள்ள, வரும்போது வட்டத்துக்கு வெளிய. அதனால கவலைப்பட வேண்டியது முதல் ராத்திரியும் மறுநாளும்தான்னு கணக்கு சொல்லுச்சு.

புக்கிங். ரெண்டு ரூமும் நடுவுல எடுக்கற அளவுக்குக் காசு இல்லை. அதனால அம்மா அப்பாவுக்கு 8-ம் தளத்துல நடுவுக்குக் கொஞ்சம் பின்னாடி, பால்கனியோட ஒரு ரூம். எனக்கும் தங்கமணிக்கும் 6-ம் தளத்துல மூக்குப் பக்கம், ஜன்னலே இல்லாத, இருக்கறதுலயே சீப்பான ரூம். கூட வேலை பாக்கற நண்பர் ஒருத்தர் "8-ம் மாடியா? ஆடும் பாஸ், 4-ல முன்னாடி ஒண்ணு காலியா இருக்கு, பாதி விலை"ன்னார். எக்ஸெல்லைக் காட்டினேன். காபி குடிக்கப் போயிட்டார் :-)

புக் பண்ணும்போது கவனிச்ச சில விஷயங்கள். 'நடுப்பகுதி'ன்னு விலைப்பட்டியல்ல போட்டிருக்கறதை நம்பாதீங்க. தளத்தோட வரைபடத்தை எடுத்து, நீளத்தை அளந்து, ரூம் நம்பர் எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க. 'ரூம் நம்பரை அப்புறம் நாங்களே ஒதுக்குவோம், விலை கம்மி'ன்னு ஒரு திட்டம் இருக்கும். வயிறு கெட்டியா இருக்கறவங்களுக்கு அது லாபம், நம்மள மாதிரி ஆளுங்க அந்தப் பக்கமே போகக்கூடாது. தலைக்கு மேல டான்ஸ் ஹாலோ, காலுக்குக் கீழ சமையலறையோ இருக்கான்னும் பாத்துக்கணும். தூக்கம் கெட்டா குமட்டல் சீக்கிரம் வரும். பால்கனி ஆடம்பரம் மாதிரித் தெரியும். ஆனா வெளிய வந்து தொடுவானத்தைப் பாத்தா கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லும். ஆட்டம் வரும்போது அதை விட நல்ல வைத்தியம் இல்லை.

ஜூன் மாசம் கிளம்பினோம். முதல் ராத்திரி வான்கூவர் தீவுக்கு மேற்கால போகும்போது எங்க ரூம்ல அலமாரிக்குள்ள ஹேங்கர் எல்லாம் சேர்ந்து பஜனை பண்ண ஆரம்பிச்சுது. மூக்குல அலை அடிக்கும்போது 'டொம்'முனு ஒரு சத்தம். ஷாம்பூ பாட்டில் உருண்டு போய் கதவுல முட்டி நின்னுச்சு. தங்கமணி இருட்டுல கேட்டாங்க: "உங்க எக்ஸெல் ஷீட்ல மருமகளுக்குக் காலமே போடலியா?"

காலையில விழுந்தடிச்சு 8-ம் தளத்துக்குப் போனேன். அப்பா பால்கனியில குல்லா போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். அம்மா டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க. "தூங்குனீங்களாம்மா?"ன்னேன். "தூங்கினேம்ப்பா. லேசா தூளி ஆட்டற மாதிரி இருந்துச்சு. கப்பல் கிளம்பிடுச்சா, இன்னும் நிக்குதான்னு உங்கப்பாகிட்ட கேட்டேன்." எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம்தான் சோதனை. மேஜிக் ஷோ பாத்தே ஆகணும்னு அப்பா ஒத்தக்கால்ல நின்னார். நிறைய கப்பல்கள் மாதிரியே இதுலயும் தியேட்டர் மூக்குப் பக்கம், கீழ்த்தளத்துல இருந்துச்சு. கவனிங்க, அம்மா ரூமை விட நாலு மாடி கீழ. 'கீழ போனா ஆட்டம் கம்மி'ங்கறது மட்டும் போதும்னா அங்க சொகுசா இருந்திருக்கணும். இருபது நிமிஷத்துல அம்மாவோட கை பையில எலுமிச்சம்பழம் தேடுச்சு. முகத்துல பழைய கொடைக்கானல் வெளுப்பு. தங்கமணி உடனே "எந்திரிங்க அத்தை, போலாம்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ரூமுக்கு வந்து பால்கனியில உக்காந்து, கடலோட கோட்டையே பாத்துக்கிட்டு, ஒரு துண்டு மரப்பா. அரை மணி நேரத்துல முகம் தெளிஞ்சுது. வாந்தி இல்லை. "இந்த ரூம் பரவால்லப்பா, அந்தக் கொட்டகைப் பக்கம் மட்டும் இனிமே கூப்பிடாத"ன்னாங்க. நான் 25 மடங்குன்னு கணக்குல கண்டுபிடிச்சதை அம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க.

ஜூனோ, ஸ்காக்வே எல்லாம் உள்வாங்கின நீர்ப்பாதை, ஆட்டமே இல்லை. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய உல்லாசக் கப்பலுக்குத்தான் அனுமதி. உள்ள தண்ணி கண்ணாடி மாதிரி. மார்ஜரி பனிப்பாறை முன்னாடி கப்பல் நின்னுச்சு. முதல்ல வெடி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நீலமா ஒரு துண்டு சரிஞ்சு தண்ணியில விழுந்துச்சு. அப்பா ஒண்ணுமே பேசலை. அம்மாதான் அவர் தோளைத் தட்டி "பாத்தாச்சா?"ன்னாங்க. அந்த போட்டோவுல அம்மா சிரிக்கறாங்க.

திரும்பி வரும்போது அதே பசிபிக்ல அலை பின்னாலருந்து வந்துச்சு. எங்க ஹேங்கர் கூட மௌன விரதம்.

சுருக்கமா:

1. முடிஞ்சா அமைதியான பாதையைத் தேர்ந்தெடுங்க. ரூம் அதுக்கு அடுத்ததுதான்.
2. நடுவும் கீழும் சேர்ந்து கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. ஒண்ணுதான்னா நடு. அதுவும் கொஞ்சம் பின்பக்கமா.
3. ரூமை மட்டும் பாத்தா போதாது. சாப்பாட்டுக்கூடம், தியேட்டர் எங்க இருக்குன்னும் பாத்து வச்சுக்கங்க. எதிர் அலை இருக்கற நாள்ல மூக்குப் பக்கம் போகாதீங்க.
4. ஒத்துக்காதவங்களுக்கு வெளிய தெரியற ரூம். காசு பத்தலைன்னா ஜன்னல் இல்லாத ரூமை வயிறு கெட்டியான ஆளுங்க எடுத்துக்குங்க.

பி.கு: மருந்து விஷயத்துல பதிவு எழுதறவன் பேச்சைக் கேக்காதீங்க, டாக்டரைக் கேளுங்க. நான் வெறும் பொட்டி தட்டறவன். அடுத்த தடவை நடு ரூம் தங்கமணிக்குன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.